காய்ச்சல் கொண்டுவந்த கிருமி மருந்து சுமக்கிறது

கெடா தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இருமலும் கண்வலியும் தந்த அடினோவைரஸ், கோவிட் தடுப்பூசியாக நம் தோளில் இறங்கியது. இப்போது மரபணு மருத்துவத்திலும் அதன் பெயர் அடிபடுகிறது. அது எப்படிப் பெருகுகிறது? மருந்து சுமக்க அதை எப்படிப் பழக்கினார்கள்? சுங்கை பட்டாணி, கூலிம் குடும்பங்களுக்கு அதனால் என்ன?

காலை எட்டு மணி. பீடோங் அரசாங்க கிளினிக்கில் எண் எடுத்தவர்கள் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கிறார்கள். ஒரு பாட்டியின் மடியில் நான்கு வயதுப் பேரன். இரண்டு கண்ணும் சிவந்து, இமை ஒட்டி, பீளை காய்ந்திருக்கிறது. மூன்று நாளாகக் காய்ச்சல். பகலில் அவனை விட்டுவிட்டுப் போகும் வீட்டில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் இதேதானாம். மிஸ்ஸி இமையை விலக்கிப் பார்க்கிறார். வைரஸ்தான் பாட்டி, ஒரு வாரத்தில் தணிந்துவிடும், துண்டைத் தனியாக வையுங்கள் என்கிறார். பாட்டி எழுந்திருக்கவில்லை. கோவிட் ஊசியிலும் வைரஸ்தான் இருந்ததாமே, என் மகன் கே.எல்.லில் போட்டுக்கொண்டான், அது அவன் உடம்புக்குள் புகுந்து ஜீனையே மாற்றிவிடுமாமே என்று கேட்கிறார். அதற்குள் அடுத்த எண் திரையில் வந்துவிட்டது. பதில் சொல்ல மிஸ்ஸிக்கு நேரமில்லை.

பாட்டி தொடர்பில்லாத இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளவில்லை. பேரனின் கண்ணில் இருப்பதும் மகனின் தோளில் இறங்கியதும் ஒரே வைரஸ் குடும்பமாக இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. அவர் கேட்ட கேள்வி விஞ்ஞானிகளும் முப்பது ஆண்டுகளாகக் கேட்டு விடை தேடிய கேள்விதான். அதற்குத் தமிழில் முழுமையான பதில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

ஆயாக்கொட்டகை காலத்திலிருந்தே

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிருமியின் பெயர்தான் புதிது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். ஒரு ஆயா, ஒரு கூட்டம் பிள்ளைகள், ஒரே தண்ணீர்த் தொட்டி. ஒரு பிள்ளைக்குக் கண் சிவந்தால் அந்த வாரத்துக்குள் லயம் முழுக்கச் சுற்றிவரும். டிரெசர் ஒரே புட்டியிலிருந்து எல்லாருக்கும் மருந்து ஊற்றுவார். அந்தச் சளியிலும் காய்ச்சலிலும் கண்வலியிலும் ஒரு பங்கு அடினோவைரஸின் வேலை. தமிழ்நாட்டில் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லும் கண்வலிக்கும் அதுவே முக்கியக் காரணம். இன்று சுங்கை பட்டாணியைச் சுற்றியிருந்த பல தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போனது. ஆயாக்கொட்டகையின் இடத்தில் டாஸ்கா வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தை இந்தக் கிருமி அன்றுபோலவே இன்றும் தேடி வருகிறது.

1953இல் அமெரிக்காவில் வாலஸ் ரோ, ராபர்ட் ஹியூப்னர் ஆகியோர் குழந்தைகளிடமிருந்து அறுவை செய்து எடுத்த அடினாய்டுச் சதையை ஆய்வகத்தில் வளர்த்தபோது இது வெளிப்பட்டது. பெயரும் அந்தச் சதையிலிருந்தே வந்தது. மனிதரைத் தாக்குபவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 3, 4, 7ஆம் வகைகள் நெஞ்சைத் தாக்கும். 8, 37ஆம் வகைகள் கண்ணைத் தாக்கும். 40, 41ஆம் வகைகள் குழந்தைகளுக்குப் பேதி தரும். பெரும்பாலோர் தாமாகவே குணமாகிவிடுவார்கள்.

பெரும்பாலோர்தான், எல்லாரும் இல்லை. மலேசியா இதைக் கசப்பாக அறிந்த ஆண்டு 1997. அந்த ஆண்டு சரவாக்கில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவிச் சுமார் 30 குழந்தைகள் திடீரென்று இறந்தார்கள். எண்டரோவைரஸ் 71 முதன்மைச் சந்தேகத்தில் இருந்தது. சிபுவில் இறந்த பிள்ளைகளின் மாதிரிகளை ஆராய்ந்த ஜேன் கார்டோசா குழுவினர் ‘பி’ பிரிவைச் சேர்ந்த அடினோவைரஸ் ஒன்றையும் கண்டெடுத்து, 1999இல் லான்செட் இதழில் அறிவித்தார்கள். 2023இன் தொடக்கத்தில் மேற்கு வங்காளத்தில் இதே குடும்பத்தின் கிருமி ஆயிரக்கணக்கான குழந்தைகளை மருத்துவமனைக்கு அனுப்பியது, உயிர்களையும் கொண்டுபோனது. சாதாரணச் சளிதானே என்று பொதுவாகச் சொல்லலாம். ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு மூச்சிரைத்தால் அப்படிச் சொல்லிவிட்டு இருக்கக் கூடாது.

────────────
பெட்டிச் செய்தி: வீட்டிலும் டாஸ்காவிலும்

• அடினோவைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆகவே கோவிட் காலத்தில் பழகிய ஆல்கஹால் ஜெல் இதனிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கை கொடுக்கும்.
• கதவுப்பிடி, பொம்மை, மேசை மேல் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில்கூட உயிர்ப்போடு இருக்கும். குளோரின் கலந்த பிளீச் கரைசலால் துடைக்க வேண்டும்.
• கண்வலி வந்த பிள்ளைக்குத் தனித் துண்டு, தனித் தலையணை. குணமாகும்வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.
• ஆண்டிபயோட்டிக் மருந்து இதைக் கொல்லாது. மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தைக் கண்ணில் விடாதீர்கள்.
• மூச்சுத் திணறல், பால் குடிக்காமை, விடாத காய்ச்சல், அளவுக்கு மீறிய சோர்வு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
────────────

ஒரு செல்லுக்குள் ஒன்றரை நாள்

இந்த வைரஸின் குறுக்களவு சுமார் 90 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் பதினோராயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். இருபது முகங்கள் கொண்ட புரதக் கூடு, அதன் பன்னிரண்டு முனைகளிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் நார்கள், உள்ளே ஏறத்தாழ 36,000 எழுத்துகள் கொண்ட இரட்டை இழை டிஎன்ஏ. அதனிடம் இருப்பது இவ்வளவுதான். அது தானாகச் சாப்பிடாது, மூச்சு விடாது, பெருகவும் செய்யாது. மூன்றையும் நம் செல்தான் அதற்காகச் செய்ய வேண்டும்.

மூக்கிலோ தொண்டையிலோ ஒரு செல்லின் மேல் படும்போது நாரின் நுனி அந்தச் செல்லின் புரதம் ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. நம் செல்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதம் அது. உணவுத் துணுக்கு ஏதோ வந்திருக்கிறது என்பதுபோல் செல் தன் சவ்வை மடித்து வைரஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் அமிலம் ஏற ஏறக் கூட்டின் சில பகுதிகள் கழன்று விழுகின்றன. வைரஸ் பையைக் கிழித்து வெளியேறி, செல்லுக்குள் சரக்கு நகரும் இழைகள் வழியே உட்கருவின் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. கூடு வாசலிலேயே நின்றுவிடுகிறது. டிஎன்ஏ மட்டும் உள்ளே நுழைகிறது.

உள்ளே முதலில் விழித்துக்கொள்வது ஈ1 என்ற மரபணுப் பகுதி. பின்னால் வரப்போகும் எல்லாமே இதைத்தான் சுற்றி நடக்கின்றன. ஈ1ஏ புரதங்கள், ஓய்வில் இருக்கும் செல்லைத் தட்டி எழுப்பி டிஎன்ஏ நகலெடுக்கும் நிலைக்குத் தள்ளுகின்றன. இப்படி அத்துமீறல் நடந்தால் தன்னையே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு நம் செல்லில் உண்டு. அதன் தலைமைக் காவலன் பி53 என்ற புரதம். ஈ1பி புரதம் அந்தக் காவலனைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. அடுத்து ஈ2 பகுதி நகலெடுக்கும் கருவிகளைத் தயாரிக்கிறது. ஈ3 பகுதி நம் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் செல்லை மறைக்கிறது. டிஎன்ஏ பல்லாயிரம் நகலாகிறது. பிறகு கூட்டுப் புரதங்கள் குவிந்து, உட்கருவுக்குள்ளேயே புதிய வைரஸ்கள் கோக்கப்படுகின்றன. ஏறத்தாழ ஒன்றரை நாளில் செல் உடைகிறது. ஒன்று நுழைந்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கில், பத்தாயிரம்வரைகூட வெளியேறுகின்றன.

மனித செல்லைப் படிக்கவும் இந்த வைரஸ் உதவியது. நம் மரபணுச் செய்தி துண்டு துண்டாக எழுதப்பட்டுப் பின்னர் வெட்டி ஒட்டப்படுகிறது என்ற உண்மையை 1977இல் ஃபிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் கண்டது அடினோவைரஸில்தான். 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோய்க்கு 2016இல் வந்த ஸ்பின்ராசா மருந்து அந்த வெட்டி ஒட்டும் வேலையைத் திருத்தித்தான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. யாருக்கோ வந்த சளிக் கிருமியை ஆராய்வதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு மருந்தைக் காட்டினால் போதும்.

ஈ1ஐ எடுத்துவிட்டால்

ஈ1 இல்லாமல் இந்த வைரஸால் பெருக முடியாது. செல்லுக்குள் நுழையும், உட்கருவுக்குப் போகும், அங்கேயே நின்றுவிடும். வைரஸைப் பழக்கப்படுத்திய கலை முழுவதும் இந்த ஒரு உண்மையில் அடங்குகிறது. ஈ1ஐ வெட்டி எடுத்து, அந்த இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவைச் செருகுகிறார்கள். பழைய சரக்கை இறக்கிவிட்டுப் புதுச் சரக்கு ஏற்றிய லோரி அது. வழி தெரியும், வாசல் தெரியும், தன் சொந்த வேலை மட்டும் செய்ய முடியாது.

அப்படியானால் தொழிற்சாலையில் அதை எப்படிக் கோடிக்கணக்கில் வளர்ப்பது? விடை 1973இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் கிடைத்தது. அலெக்ஸ் வான் டெர் எப்பின் ஆய்வகத்தில் ஃபிராங்க் கிரகாம் அடினோவைரஸின் ஈ1 துண்டை மனித செல்லில் நிரந்தரமாகப் பதித்தார். அந்தச் செல் வரிசைக்கு ஹெச்இகே 293 என்று பெயர். அந்தச் செல்லுக்குள் ஈ1 இருப்பதால், ஈ1 இழந்த வைரஸ் அங்கே மட்டும் பெருகும். நம் உடம்பில் பெருகாது. அந்தச் செல் வரிசை, அந்நாளில் கருக்கலைப்புக்கு உள்ளான ஒரு சிசுவின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. சமய நம்பிக்கை உள்ள பலருக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது. மறைத்துப் பேசுவதைவிடச் சொல்லிவிடுவதே நேர்மை. தொடக்கச் செல்கள் அரை நூற்றாண்டுக்கு முன் ஒரே முறை எடுக்கப்பட்டவை. அன்றிலிருந்து ஆய்வகங்கள் அவற்றின் வழித்தோன்றல்களையே வளர்த்து வருகின்றன.

2021: தோட்டத்தில் பரவிய பயம்

கெடா மக்கள் கோவிட்டின் கடுமையைச் சீக்கிரமே பார்த்தார்கள். 2020 ஜூலை, ஆகஸ்டில் குபாங் பாசு மாவட்டத்தின் நப்போவில் தொடங்கிய தொற்றுக்குச் சுகாதார அமைச்சு சிவகங்கா கிளஸ்டர் என்று பெயரிட்டது. டி614ஜி என்ற உருமாற்றம் அந்தத் தொற்றில் இருந்ததாக அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா அறிவித்தார். தமிழ்நாட்டு மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்க நோயின் பெயராக ஒலித்தது. அந்த நாட்களில் கெடாவில் கடை வைத்திருந்த இந்தியர்களை அந்தப் பெயர் எவ்வளவு புண்படுத்தியது என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. ஓராண்டு கழித்து, 2021 ஆகஸ்டில், மாநிலத்தின் தினசரித் தொற்று ஆயிரத்தைத் தாண்டியது.

இடையில் தடுப்பூசி வந்தது. மலேசியா பயன்படுத்தியவற்றில் அடினோவைரஸ் சுமந்துவந்தவை முக்கியமாக இரண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஸெனிக்காவும் தந்தது ஒன்று. சிம்பன்சிக் குரங்கின் அடினோவைரஸில் ஈ1, ஈ3 பகுதிகளை நீக்கி, கொரோனாவின் முள் புரதத்துக்கான மரபணுவைச் செருகியிருந்தார்கள். மற்றொன்று சீனாவின் கான்சினோ. அது மனித அடினோவைரஸ் 5ஆம் வகை, ஒரே ஊசி. 2021 ஜூனில் இங்கே நிபந்தனையோடு அனுமதி பெற்றது. மறுபடி வரவழைக்க முடியாத தொலைவில் இருப்பவர்களுக்கு ஒரே ஊசி என்பது பெரிய வசதி.

குரங்கின் வைரஸ் எதற்கு என்று பலர் முகம் சுளித்தார்கள். காரணம் நம் பிள்ளைப் பருவத்தில் இருக்கிறது. ஆயாக்கொட்டகையில் 5ஆம் வகைக் கிருமியால் காய்ச்சல் கண்டவர் உடம்பில் அதற்கான எதிர்ப்புப் பொருள் தங்கியிருக்கும். அதே வைரஸில் மருந்தை ஏற்றி அனுப்பினால், சரக்கு இறங்கும் முன்பே உடம்பு அதை அடித்துவிடக்கூடும். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலோருக்கு இந்த எதிர்ப்பு உண்டு. குரங்கின் வைரஸை நம் உடம்பு முன்பு சந்தித்ததில்லை. அதனால்தான் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தேர்ந்தெடுத்தது.

பிறகு இரத்தக்கட்டு பற்றிய செய்தி வந்தது. 2021 ஏப்ரல் 28 அன்று, தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் கைரி ஜமாலுடின், அஸ்ட்ராஸெனிக்காவைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்பி வருபவர்களுக்குத் தனி மையங்களில் தருவதாக அறிவித்தார். முதல் சுற்று கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் மட்டும். சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பிவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் கெடா பிள்ளைகள் பலர் இணையத்தில் போட்டியிட்டுப் பதிந்தார்கள். ஊரில் இருந்த பெற்றோருக்கோ வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த குரல் பதிவுகளே செய்தியாக இருந்தன. நகரத்தில் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியதும் தோட்டத்தில் பயந்து ஒதுக்கியதும் ஒரே மருந்து. நகரத்தில் விளக்கம் கிடைத்தது, தோட்டத்தில் கிடைக்கவில்லை.

பயத்துக்கு ஆதாரமே இல்லையா? இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து. 2021 ஏப்ரலில் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் குழுவும் நார்வே மருத்துவர்களும் தனித்தனியே கண்டறிந்தார்கள். மிகச் சிலருக்கு இந்த ஊசிக்குப் பின் பிஎஃப்4 என்ற இரத்தப் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்புப் பொருள் சுரந்து, இரத்தத் தட்டுகள் குறைந்து, அதே சமயம் மூளையிலும் வயிற்றிலும் இரத்தம் கட்டியாக உறைந்தது. பிரிட்டனில் முதல் ஊசிக்குப் பின் பத்து லட்சம் பேரில் சுமார் 15 பேருக்கு இது வந்தது. சிலர் இறந்தார்கள். கோவிட் நோயே இரத்தத்தை உறையச் செய்வது இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் அந்தப் பதினைந்து பேர் வீட்டில் அது முழு உண்மை.

2023இல் வந்த ஒரு தகவல் இன்னும் முக்கியமானது. ஊசியே போடாமல், இயற்கையாக அடினோவைரஸ் தொற்றுக்கு ஆளான இருவருக்கு இதே நோய் வந்ததை அமெரிக்க, கனடா மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் விவரித்தார்கள். ஒருவன் ஐந்து வயதுப் பையன். அப்படியானால் குற்றம் கொரோனாப் புரதத்தில் இல்லை, சுமந்துவந்த வைரஸிலேயே அதன் வேர் இருக்கிறது. அடுத்த தடுப்பூசிகளை வடிவமைப்பவர்கள் எங்கே திருத்த வேண்டும் என்று இது காட்டிவிட்டது. 2024 மே மாதம் ஐரோப்பாவில் அஸ்ட்ராஸெனிக்கா ஊசியின் அனுமதி நிறுவனத்தின் வேண்டுகோளின்படி மீட்டுக்கொள்ளப்பட்டபோது, பழைய பயம் மலேசியாவிலும் மறுபடி கிளம்பியது. போட்டுக்கொண்டவர்கள் இன்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பக்கவிளைவு வந்தவர்களுக்கு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்துவிட்டது.

பாட்டியின் கேள்விக்கு வருவோம். ஜீனை மாற்றிவிடுமா? வைரஸின் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் போவது உண்மை. அங்கே நம் குரோமோசோமோடு ஒட்டாமல் தனியாகவே கிடக்கிறது. இணைவது மிக மிக அரிது. கொஞ்ச காலம் முள் புரதத்தைத் தயாரித்துக் காட்டுகிறது. அந்தச் செல்லை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அழித்துவிடுகிறது. மகனின் மரபணு மாறவில்லை. அவனுடைய பிள்ளைகளுக்கு எதுவும் போகாது.

பதினெட்டு வயது இளைஞனின் மரணம்

தடுப்பூசிக்கு வெகுகாலம் முன்பே மரபணு மருத்துவத்தில் இந்த வைரஸைப் பயன்படுத்தினார்கள். 1990களில் அதன்மீது பெரும் நம்பிக்கை. பெரிய மரபணுவையும் சுமக்கும், பல வகைச் செல்களில் நுழையும், வளர்ப்பதும் எளிது.

ஜெஸ்ஸி கெல்சிங்கர் அரிசோனாவைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞன். உடம்பில் சேரும் அம்மோனியாவை அகற்றும் ஒரு நொதி கல்லீரலில் குறைவு. உணவுக் கட்டுப்பாட்டாலும் மாத்திரைகளாலும் நன்றாகவே இருந்தான். இதே நோயோடு பிறந்து மடியும் குழந்தைகளுக்கு உதவ வேண்டுமென்றே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சோதனைக்கு முன்வந்தான். 1999 செப்டம்பர் 13 அன்று, சரியான மரபணுவைச் சுமந்த அடினோவைரஸ் கோடி கோடியாக அவன் கல்லீரல் நாளத்தில் செலுத்தப்பட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கட்டுக்கடங்காமல் பொங்கியது. நான்காம் நாள், செப்டம்பர் 17 அன்று, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தான். முந்தைய நோயாளிகளுக்கு வந்த பக்கவிளைவுகளும், அதிக அளவு செலுத்திய குரங்குகள் இறந்ததும், அவன் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் சொல்லப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்தது.

மலேசியாவிலும் மருத்துவச் சோதனைகள் நடக்கின்றன, அரசாங்க மருத்துவமனைகளிலும் நடக்கின்றன. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கித்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. மலாய் வாசகம் பாதி புரிந்தும் ஆங்கிலம் அறவே புரியாமலும் தலையாட்டிக் கையெழுத்துப் போடும் பழக்கம் நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று தோட்டம் அவர்களுக்குப் பழக்கிவிட்டது. தமிழில் சொல்லுங்கள், படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

ஜெஸ்ஸியின் மரணத்துக்குப் பின் இந்தத் துறை பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மீண்டபோது, அடினோவைரஸின் பலவீனம் எதுவோ அதையே பலமாக்கிக்கொண்டது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறதா? தடுப்பூசிக்கு அதுதான் வேண்டும். கொஞ்ச காலம்தான் வேலை செய்கிறதா? புற்றுநோய்க்கு அது போதும். சீனா 2003இல் ஜெண்டிசினுக்கு அனுமதி தந்தது. பி53 மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிப் புற்றுக்கட்டியில் செலுத்தும் மருந்து அது. 2022 டிசம்பரில் அமெரிக்கா சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அட்ஸ்டிலாட்ரின் என்ற அடினோவைரஸ் மருந்தை ஏற்றுக்கொண்டது.

மலேசியாவுக்கு நெருக்கமான முயற்சி ஒன்றும் உண்டு. 1998–99இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கிலும் பன்றிப் பண்ணைகளில் பரவிய நிப்பா வைரஸ் இந்நாட்டில் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொன்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. கிருமியைப் பிரித்தெடுத்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங். நம் மண்ணில் முதலில் அடையாளம் காணப்பட்ட அந்த நோய்க்கு, அஸ்ட்ராஸெனிக்கா ஊசியின் அதே சிம்பன்சி வைரஸில் ஒரு தடுப்பூசி செய்து, 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மனிதச் சோதனை தொடங்கியது.

எழுநூறு ஆண்டுச் சம்பளம்

வாழ்நாள் முழுக்க நீடிக்கும் பிறவி நோய்களுக்கு வேறொரு வைரஸ் முன்வந்தது. 1965இல் அடினோவைரஸ் மாதிரிகளுக்குள் ஒட்டிக்கொண்டு வந்த மாசாக அது கண்டுபிடிக்கப்பட்டது. அடினோவைரஸோ அதுபோன்ற வேறொன்றோ கூட இருந்தாலன்றி அதனால் பெருக முடியாது. ஆகவே அடினோ சார்பு வைரஸ், சுருக்கமாக ஏஏவி. இன்றும் தொழிற்சாலையில் அதை வளர்க்க அடினோவைரஸின் சில மரபணுக்களைக் கடன் கொடுத்தாக வேண்டும். அது அதிகம் சுமக்காது. ஆனால் அமைதியாக நுழைந்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்.

2017இல் பார்வைக் குறைபாட்டுக்கு லக்ஸ்டர்னா, 2019இல் முதுகுத்தண்டுத் தசைச்சிதைவுக்கு ஸோல்ஜென்ஸ்மா, 2022இல் ஹீமோஃபிலியா பி என்ற இரத்தம் உறையாத நோய்க்கு ஹெம்ஜெனிக்ஸ். மூன்றாவதன் விலை அது வந்தபோது 35 லட்சம் அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் ஒன்றரைக் கோடி வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி என்ற இன்றைய குறைந்தபட்சச் சம்பளக்காரர் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகும். இது ஒரே தடவை போடும் மருந்து, வாழ்நாள் ஊசிச் செலவைக் கணக்கிட்டால் மலிவு என்று நிறுவனங்கள் சொல்கின்றன. பாடாங் செராயில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்தக் கணக்கால் எந்தப் பயனும் இல்லை.

நம்பிக்கை தரும் செய்தி வேலூரிலிருந்து வந்தது. கெடாவிலிருந்தும் சிகிச்சைக்காகப் பலர் போய்வரும் சிஎம்சி மருத்துவமனைதான். அங்கே அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயுள்ள ஐந்து பேரின் இரத்த மூலச்செல்களை எடுத்து, லென்டிவைரஸ் என்ற வேறொரு வைரஸ் வழியாகச் சரியான மரபணுவைப் புகுத்தித் திரும்பச் செலுத்தியது. அதன்பின் கண்காணித்த காலம் முழுதும் ஐவரில் ஒருவருக்கும் இரத்தக்கசிவு வரவில்லை. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் தந்தது. மருந்து நிறுவனங்களின் விலைப்பட்டியலுக்கு வெளியேயும் இது நடக்கும் என்பதற்கு வேலூர் சாட்சி.

────────────
பெட்டிச் செய்தி: எழுபது ஆண்டுப் பாதை

1953: அடினோவைரஸ் கண்டுபிடிப்பு
1971: அமெரிக்க ராணுவத்தினருக்கு 4, 7ஆம் வகைகளுக்கான தடுப்பு மாத்திரை
1973: ஹெச்இகே 293 செல் வரிசை
1997: சரவாக், சிபு மரணங்கள்
1999: ஜெஸ்ஸி கெல்சிங்கர் மரணம்
2003: சீனாவில் ஜெண்டிசின்
2021: மலேசியாவில் அஸ்ட்ராஸெனிக்கா, கான்சினோ
2024: நிப்பா தடுப்பூசிச் சோதனை, வேலூர் முடிவுகள்
────────────

கெடாவில் இனி

தலசீமியா மலேசியாவின் முக்கியமான மரபணு நோய். மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் சபா பூர்வகுடிகளிடமும் அதிகம். அதனால் இது நம் நோய் இல்லை என்ற எண்ணம் இந்தியர்களிடம் உண்டு. அது தவறு, நம்மிலும் அந்த மரபணுவைத் தாங்கியவர்கள் இருக்கிறார்கள். கடுமையான தலசீமியாவோடு பிறந்த பிள்ளை சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டும். ஏற்றிய இரத்தத்திலிருந்து தேங்கும் இரும்பை அகற்ற மருந்தும் விடாமல் எடுக்க வேண்டும்.

இந்த நோய்க்கும் அடினோவைரஸ் சுமக்கும் மருந்து வரக்கூடும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே லீபர் குழு, வைரஸின் சொந்த மரபணுக்கள் முழுவதும் நீக்கப்பட்ட அடினோவைரஸ் ஒன்றை ஊசியாகப் போட்டு, எலும்பு மச்சையை வெளியே எடுக்காமலேயே இரத்த மூலச்செல்களைத் திருத்த முயல்கிறது. தலசீமியா எலிகளில் அது பலன் காட்டியிருக்கிறது. மனிதருக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம். வந்தால், கீமோதெரபியும் பெரிய மருத்துவமனையும் இல்லாத இடத்திலும் இந்தச் சிகிச்சை சாத்தியமாகும். மரபணு மருந்துகளை வரையறுக்கும் தனி வழிகாட்டி நம் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் இருக்கிறது. அனுமதி தருவதற்கு வழி இருக்கிறது, பணம் எங்கிருந்து வரும் என்பதற்குத்தான் இன்னும் பதிலில்லை. அரிய நோய்களுக்கு நிதி ஒதுக்கும்போது மரபணுச் சிகிச்சையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

அதற்குமுன் செய்யக்கூடியது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சமுதாயப் பணத்தில் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கில் இருக்கிறது. அங்கே மருத்துவமும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கும் தமிழ் மாணவர்கள் விடுமுறை நாளில் பீடோங், லூனாஸ், கோலா கெட்டில் கோயில் மண்டபங்களில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால், வாட்ஸ்அப்பில் பரவும் வதந்திகளுக்கு அதுவே நல்ல மருந்து. தடுப்பூசியின் ஆபத்தையும் பயனையும் சேர்த்தே சொல்லட்டும். நம் மக்களுக்கு இரண்டையும் எடைபோடத் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நாடு முழுதும் நான்காம் படிவ மாணவர்களுக்கு 2016 முதல் அரசாங்கம் இலவசமாகத் தலசீமியா இரத்தப் பரிசோதனை செய்துவருகிறது. அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அந்தத் தாள் உங்கள் பிள்ளையின் புத்தகப்பையில் வந்தால் படித்துப் பாருங்கள், புரியாததைக் கேளுங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.